ஆயிரங்கோடியில் ஒரு பங்கு

கைபேசியின் மூலையில் வைஃபை வளையங்கள் முழுதாக நிற்கின்றன. ஆனால் ரொறன்ரோவிலிருந்து பேசும் மகளின் முகம் வாய் திறந்தபடி உறைந்துவிடுகிறது. கொடிகாமத்தில் இரவு எட்டு மணிக்கு இந்தத் துன்பம் தெரியாத வீடு குறைவு. "இந்தக் கொம்பனி சரியில்லை, மற்றதுக்கு மாறுவம்" என்ற பேச்சு உடனே எழும். மாறிய பிறகும் அதே அறையில், அதே கதிரையில், அதே முகம் மறுபடியும் உறையும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

அந்த வளையங்கள் சொல்வது மிகச் சிறிய செய்தி. கைபேசிக்கும் விறாந்தையில் இருக்கும் ரவுட்டருக்கும் இடையில் அலை நன்றாக ஓடுகிறது, அவ்வளவுதான். ரவுட்டருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. மகளின் முகம் மூன்று வழித்துண்டுகளைக் கடந்து வருகிறது. வீட்டுக்குள் பத்துப் பதினைந்து மீற்றர் காற்றும் சுவரும் முதல் துண்டு. வீட்டிலிருந்து ரவர் அல்லது தொலைபேசி நிலையம் வரை சில கிலோமீற்றர் இரண்டாவது. அங்கிருந்து கொழும்பு, கடலடி, கண்டங்கள் மூன்றாவது. கொம்பனியை மாற்றினால் இரண்டாவது துண்டு முழுதாக மாறும், மூன்றாவது ஓரளவு மாறும். முதல் துண்டு அப்படியே இருக்கும். நம் வீடுகளில் பாதிப் பிரச்சினை அந்தத் துண்டில்தான் கிடக்கிறது என்பது என் எண்ணம்.

கொடிகாமம் அடங்கிய தென்மராட்சிக்கு இது சின்ன விசயம் அல்ல. 1995 ஒக்ரோபர் 30 அன்று போரால் வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது அந்தச் சனத்தை ஏந்தியது இந்த மண். 2000இல் ஆனையிறவு வீழ்ந்த பிறகு போர் சாவகச்சேரிக்கும் கொடிகாமத்துக்கும் வந்தது. இந்த முறை தென்மராட்சியே எழும்பி ஓடியது. போன பிள்ளைகளில் பலர் கனடாவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் வேர்விட்டுவிட்டார்கள். இங்கே தனித்திருக்கும் தாய்க்குப் பேரப்பிள்ளை ஒரு திரையில்தான் வளர்கிறது. கலியாணமும் அந்தியேட்டியும்கூட அந்தத் திரையின் வழியேதான் பங்கிடப்படுகின்றன. அந்தத் திரை ஏன் உறைகிறது என்று விளங்கிக்கொள்வது வீண்வேலை அல்ல.

வீட்டுக்குள்ளிருந்தே தொடங்குவோம். ரவுட்டரின் குச்சியிலிருந்து புறப்படுவது ஒரு வானொலி அலை. செக்கனுக்கு 240 கோடி தடவை அதிர்கிறது. அதன் நீளம் பன்னிரண்டரைச் சென்ரிமீற்றர், ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குள் அடங்கும். புதிய ரவுட்டர்கள் இதன் இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக அதிரும் 5 கிகாஹேர்ட்ஸ் அலையையும் அனுப்புகின்றன. அதன் நீளம் ஆறு சென்ரிமீற்றரை ஒட்டியது. இந்த அலை அதிக தரவைச் சுமக்கும், ஆனால் சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5 சிறந்தது. இரண்டு சுவர் தாண்டி குசினியில் நின்று பேசவேண்டும் என்றால் 2.4தான் துணை.

ரவுட்டர் வெளிவிடும் சக்தி ஏறத்தாழ பத்தில் ஒரு வாற். நாம் எரிக்கும் சிறிய எல்ஈடி குமிழ் ஒன்பது வாற். அந்தப் பத்தில் ஒரு வாற் எல்லாத் திசைக்கும் பரவி, சுவரில் பட்டு, அலுமாரிக் கண்ணாடியில் தெறித்து, மனித உடம்பின் நீரில் உறிஞ்சப்பட்டு, கடைசி அறையில் இருக்கும் கைபேசிக்கு வந்து சேரும்போது அதில் ஆயிரங்கோடியில் ஒரு பங்கே மிஞ்சியிருக்கலாம். அந்த மிச்சத்தைக் கொண்டே கைபேசி ஒரு முகத்தையும் குரலையும் திரும்பக் கட்டி எழுப்புகிறது. வைஃபை ஏன் விட்டுப்போகிறது என்று கேட்கிறோம். அது எப்படி வருகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

இந்த அலைவரிசையே யாரும் பெரிதாக விரும்பாத ஒன்றாக இருந்தது. 2.4 கிகாஹேர்ட்ஸை ஒட்டிய பகுதி உணவு சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பு போன்ற கருவிகளுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் உரிமம் இல்லாமலே தொடர்பாடல் செய்யலாம் என்று 1985இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் திறந்துவிட்டது. வைஃபையின் முதல் தரநிலை 1997இல் வந்தது. இன்று நம் ஒழுங்கையில் எந்த வீடும் அனுமதி கேளாமல் ஒரு சிறு வானொலி நிலையம் நடத்துவது அந்த முடிவினால்தான். பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே இடத்தில் பேசுவதால் வரும் இடைஞ்சலுக்கும் அதுவே காரணம்.

ஆனால் வீட்டுக்குள் பெரிய எதிரி பக்கத்து வீடு அல்ல, எதிரொலி. கோயில் திருவிழாவில் கிட்டவும் தூரவுமாக மின்கம்பங்களில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகளை நினைத்துப் பாருங்கள். பேச்சாளர் வேகமாகப் பேசினால் தூரத்துக் குழாயின் சொல் பிந்தி வந்து கிட்டத்துக் குழாயின் அடுத்த சொல்லோடு மோதும், ஒன்றும் விளங்காது. அவரே சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசினால் எல்லாம் விளங்கும். வீட்டுக்குள் வானொலி அலைக்கும் இதுதான் நடக்கிறது. ஒரே அலை நேராகவும் வரும், சுவரில் தெறித்தும் வரும், கூரையில் தெறித்தும் வரும். தரவை வேகமாக அனுப்ப அனுப்ப, பிந்தி வரும் எதிரொலி அடுத்த எழுத்தைக் குழப்பும்.

இதற்கு வழி கண்டவர்களில் ஒரு குழு கருந்துளையைத் தேடியவர்களிடமிருந்து வந்தது. சிறிய கருந்துளைகள் கடைசியில் வெடித்து மறையும் என்று 1974இல் ஸ்டீபன் ஹோக்கிங் எழுதினார். அந்த வெடிப்பின் வானொலித் துடிப்பைப் பிடிக்க முயன்றவர்களில் ஒருவர் அவுஸ்திரேலியரான ஜோன் ஓ'சுல்லிவன். விண்வெளியைக் கடந்து வரும் துடிப்பு பரந்து மங்கிவிடும். அதைப் பிரித்து, திரும்பக் கூர்மையாக்குவதற்கு அவர் ஒரு கணித முறையில் தேர்ந்தார். கருந்துளை வெடிப்பு அகப்படவில்லை. 1990களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தில் அவரும் தோழர்களும் அறைக்குள் மங்கிப்போகும் அலைக்கு அதே கணிதத்தைப் பொருத்தினார்கள். 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இந்த எண்ணத்தின் வேர்கள் வேறு ஆய்வகங்களிலும் உண்டு, 1960களிலேயே பெல் ஆய்வகத்தில் இதன் அடிப்படை எழுதப்பட்டது. வீட்டுக்குள் வந்து சேர்ந்த கதையில் இந்த வானியலாளரின் பங்கு மறக்கக்கூடாதது.

தீர்வு திருவிழாப் பேச்சாளர் செய்வதேதான்: மெதுவாகப் பேசுவது. மெதுவாகப் பேசினால் வேகம் போய்விடுமே என்றால், ஒரே நேரத்தில் பல குரலில் மெதுவாகப் பேசுவது. 1999இல் வந்த தரநிலையில் 48 துணையலைகள் அருகருகே நின்று தரவைப் பங்கிட்டுச் சுமந்தன. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் 0.8 மைக்ரோசெக்கன் காத்திருப்பு. அந்த நேரத்துக்குள் அலை 240 மீற்றர் ஓடிவிடும். எவ்வளவு பெரிய நாற்சார வீடென்றாலும் எதிரொலி அதற்குள் அடங்கிவிடும்.

இந்தக் கெட்டித்தனம் எதிரொலியை வெல்லும், கட்டடத்தை வெல்லாது. போரில் இடிந்த இடங்களில் பிறகு எழுந்த வீடுகள் பல சீமெந்துக் கல்லும் கம்பி போட்ட கொங்கிறீற்றுமாக நிற்கின்றன. ஓட்டுக் கூரையை இலகுவாகத் தாண்டும் அலை, கம்பி வலை பதித்த பிளேற்றில் பெரும்பகுதியை இழக்கும். மேல்மாடி அறைக்கு வைஃபை ஏறாததற்கு அது போதும். நீர்த்தாங்கி, குளிர்சாதனப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி பதித்த அலுமாரி ஆகியவை ரவுட்டருக்கும் கட்டிலுக்கும் இடையில் நின்றால் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு பேசமுடியாது. கலியாண வீட்டில் சனம் நிறைந்ததும் நேரலை தடுமாறுவதிலும் வியப்பில்லை. மனித உடம்பு பெரும்பாலும் நீர், நீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். ரவுட்டரின் குச்சி நிமிர்ந்து நின்றால் அலை பக்கவாட்டில் விரியும், குச்சியின் நுனித் திசையில் மிகக் குறைவாகவே போகும். தொலைக்காட்சிக்குப் பின்னால் செருகி வைத்த ரவுட்டரை மூன்றடி உயர்த்தி வீட்டின் நடுவுக்குக் கொண்டுவருவது பல வீடுகளில் ஒரு புதிய இணைப்புக்குச் சமம்.

குற்றம் எந்தத் துண்டில் என்று காண்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ரவுட்டருக்குப் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில் நின்று பேசிப் பார்க்கவேண்டும். அங்கே நன்றாக இருந்து அறையில் கெட்டால் வீடுதான் காரணம், கொம்பனி மாற்றிப் பயனில்லை. ரவுட்டருக்குப் பக்கத்திலும் இரவு எட்டு மணிக்கு உறைந்து, விடிய ஐந்து மணிக்குத் தெளிவாக ஓடினால் வெளியே நெரிசல். நாள் முழுவதும் ஒரே மாதிரிக் கெட்டால் கம்பியிலோ ரவர்ச் சிக்னலிலோ பிழை. கரண்ட் போகும்போதெல்லாம் போனால் முதலில் ரவுட்டருக்கு ஒரு சிறிய பட்டரி வாங்கிப் பார்க்கலாம்.

வெளியே வந்தால் கொடிகாமத்தின் இயற்கை குறுக்கே நிற்கும். இங்கே பல வீடுகளுக்கு வீட்டு இணையம் என்றால் சிம் போட்ட 4ஜி ரவுட்டர். ஸ்ரீலங்கா ரெலிகொம் என்றாலும் டயலொக் என்றாலும், ரவரிலிருந்து வரும் அலை தென்னந்தோப்பையும் மாமரத்தையும் பலாவையும் துளைத்துத்தான் வரவேண்டும். அலையின் நீளம் பெரும்பாலும் ஒரு சாணுக்குக் கிட்ட. நனைந்த ஓலை அதை விழுங்கும். வைகாசியில் நாலு கோடு காட்டிய ரவுட்டர் கார்த்திகை மாரியில் இரண்டாக இறங்குவது இதனால்தான். காற்றில் ஓலை ஆடும்போது சிக்னலும் கூடவே ஏறி இறங்கும்.

2021இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது ஊவா மலைப்பகுதிக் கிராமமொன்றின் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுப்பாதையில் நடந்து பாறை ஏறினார்கள். அந்தச் செய்தி உலகெங்கும் போனது. அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டுக்குள் ஒரு பௌதிகம் இருந்தது: ரவருக்கும் கருவிக்கும் இடையே கண் பார்க்கும் நேர்கோடு திறந்தால் சிக்னல் பல மடங்காகும். நம் யாழ் குடாநாட்டில் ஏறுவதற்குப் பாறை இல்லை, தரை சமதளம். இங்கே உயரத்தைக் குழாயால்தான் உண்டாக்கவேண்டும். ரவரின் திசையை அறிந்து, கூரைக்கு மேலே வெளி அன்ரெனா ஒன்றை அதன் பக்கம் திருப்பிப் பூட்டினால் சில வீடுகளில் கொம்பனி மாற்றும் தேவையே தீர்ந்துவிடுகிறது. அதுவும் இயலாவிட்டால், சாமியறை மூலையிலிருக்கும் 4ஜி ரவுட்டரை ரவர்ப் பக்கத்து யன்னலுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

அன்ரெனாவால் தீராத ஒன்று உண்டு. ஒரு ரவரின் கொள்ளளவை அந்தப் பகுதியில் எல்லாரும் பங்கிடுகிறார்கள். பள்ளி விடுமுறையிலும், நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டு உறவுகள் வந்து நிறையும்போதும் பங்கு சிறுக்கும். இங்கே கொம்பனி மாற்றம் உண்மையிலேயே உதவலாம், மற்ற ரவரில் ஆள் குறைவென்றால். ரவருக்கும் கரண்ட் வேண்டும் என்பதை 2022 மார்ச் 31 அன்று நாடு கண்டது. 13 மணி நேர மின்வெட்டுக்கு ரவர்களின் பட்டரிகள் ஈடுகொடுக்கக் கஷ்டப்பட்டன.

பழைய செப்புக் கம்பி இணைப்பு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குரலுக்காகப் போட்ட கம்பியில் தரவை ஏற்றினார்கள். நிலையத்துக்குப் பக்கத்தில் செக்கனுக்கு 24 மெகாபிற் வரை தரும், நாலைந்து கிலோமீற்றரில் வாடிவிடும். மழைநீர் மூட்டில் இறங்கினால் இன்னும் மோசம். இடியும் அதில் ஓடிவரும்.

கண்ணாடி நார், அதாவது பைபர், வேறு உலகம். 1960களில் கிடைத்த நல்ல கண்ணாடியில்கூட இருபது மீற்றர் போவதற்குள் ஒளி நூறில் ஒரு பங்காகிவிடும். குறை கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள அழுக்கில்தான் என்று 1966இல் சார்ள்ஸ் காவோ காட்டினார். தூய்மையாக்கினால் ஒரு கிலோமீற்றர் போன பிறகும் அந்த நூறில் ஒன்று மிஞ்சும், அதுவே தொலைபேசிக்குப் போதும் என்று கணக்குப் போட்டார். பலர் நம்பவில்லை. 1970இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் அந்தக் கண்ணாடியைச் செய்தது. நம் போர் முடிந்த 2009இல்தான் காவோவுக்கு நோபல் பரிசு வந்தது. இன்றைய நாரில் ஒளி பாதியாவதற்கு 15 கிலோமீற்றர் வேண்டும். கொடிகாமம் சந்தியில் விட்ட ஒளி சாவகச்சேரியைக் கடந்த பிறகும் பாதிக்கு மேல் உயிரோடிருக்கும்.

ஒழுங்கைக்குள் வரும் பைபர் ஒரு சிறு பெட்டியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அந்தப் பெட்டிக்குக் கரண்டே வேண்டாம், ஒளியைக் கண்ணாடியே பங்கிடுகிறது. நிலையத்திலும் நம் வீட்டிலும் பட்டரி இருந்தால், இடையில் ஊர் இருண்டாலும் இணையம் ஓடும். கண்ணாடி மின்னலைக் கடத்தாது. மாரியில் ஓலை நனைவதும் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் காய்ந்த ஓலை மட்டையோடு விழுந்து கம்பத்திலிருந்து வரும் வயரை அறுத்தால் அன்றைய கதை முடிந்தது. அந்த வயரின் மேலே சாயும் மரத்தைத் தறிக்க வேண்டியது நம் வேலை.

ஒழுங்கைக்குப் பைபர் வராவிட்டால் இன்னொரு வழி 2025 யூலையில் இலங்கைக்கு வந்தது: ஸ்டார்லிங்க் செய்மதி இணையம். பழைய செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நின்றன. ஸ்டார்லிங்கின் செய்மதிகள் ஏறத்தாழ 550 கிலோமீற்றரில், செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேல் பறக்கின்றன. ஒன்று அடிவானத்தில் இறங்குமுன் தட்டு அடுத்ததைப் பிடிக்கிறது. தாமதம் சிறிது. ஆனால் அகன்ற திறந்த வானம் வேண்டும், தென்னை சூழ்ந்த வளவில் அது எளிதல்ல. கடும் மழை அதன் குறுகிய அலையை நலிவாக்கும், செலவும் அதிகம். வேறு வழியே இல்லாத வீட்டுக்கு நல்லது.

மூன்றாவது துண்டில் நமக்கு ஆட்சி இல்லை. ஆனால் அதை அறிந்தால் கோபம் சரியான இடத்துக்குப் போகும். இலங்கையின் பெருங்கடலடிக் கேபிள்கள் கல்கிசையிலும் கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறுகின்றன. வடக்கே பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கும் தமிழகத்துக்குப் போகும் செய்தியும் முதலில் தெற்கே இறங்கவேண்டும். ரொறன்ரோ நேர்வழியில் ஏறத்தாழ 13,700 கிலோமீற்றர். கண்ணாடிக்குள் ஒளி செக்கனுக்கு இரண்டு இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். ஆக "அம்மா" என்று கூப்பிட்டால் பதில் திரும்பிவர 137 மில்லிசெக்கனாவது வேண்டும், உண்மையான வழி வளைந்தது என்பதால் இன்னும் கூட. எந்தக் கொம்பனியாலும் இதைக் குறைக்க முடியாது. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கேபிள்கள் அறுந்தபோது தெற்காசியா முழுவதும் இணையம் தளர்ந்தது. அன்று எந்த வீட்டு ரவுட்டரும் குற்றவாளி அல்ல.

பேச்சுக்குத் தாமதத்தைவிடப் பெரிய எதிரி சீரின்மை. குரல் இருபது மில்லிசெக்கன் துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. ஒரு துண்டு 150 மில்லிசெக்கனிலும் அடுத்தது 400இலும் வந்தால், பிந்தியதைக் கருவி எறிந்துவிடும். முகம் உறைவது அந்தக் கணத்தில்தான். வேகம் பார்க்கும் செயலியில் நல்ல எண் வந்தும் பேச்சு அறுவதன் மர்மம் இது. பதிவான படத்தை முன்கூட்டியே சேர்த்து வைத்து ஓட்டலாம். இன்னும் பேசப்படாத சொல்லைச் சேர்த்து வைக்க முடியாது.

மாறத்தான் வேண்டும் என்று தெளிந்தால், விளம்பரத்திலுள்ள பெரிய எண்ணைப் பார்க்கவேண்டாம். அதே ஒழுங்கையில் அந்தக் கொம்பனி வைத்திருக்கும் வீட்டுக்கு இரவு எட்டு மணிக்குப் போய் ஒரு காணொளி அழைப்பு எடுத்துப் பார்க்கவேண்டும். சந்தியில் நன்றாக ஓடுவது கச்சாய் வீதியின் உள்ளே ஓடும் என்றில்லை. ஒப்பந்தக் காலம் எவ்வளவு, இடையில் நிறுத்தினால் எவ்வளவு, ரவுட்டர் நம்முடையதா அவர்களுடையதா, மேலேற்றும் வேகம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்கவேண்டும். நம் முகம் அங்கே தெரிவது மேலேற்றும் வேகத்தால்தான். புதியது ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை பழையதை வெட்டாமல் வைத்திருப்பது நல்லது. 4ஜி என்றால் அந்த மாதம் மாரியில் விழுந்தால் இன்னும் நல்லது.

ஒழுங்கைக்குப் பைபர் வந்திருந்தால் நான் வேறொன்றையும் யோசிக்கமாட்டேன். ஆனால் பூட்ட வருபவர் கம்பத்துக்குக் கிட்டிய முன்சுவரிலேயே பெட்டியை வைத்துவிட்டுப் போகப் பார்ப்பார். வீட்டின் நடுவுக்கு இன்னும் பத்து மீற்றர் வயரை இழுத்துத் தரும்படி அவரைக் கேட்கவேண்டும், கூடுதல் வயருக்குக் காசு கேட்டாலும் கொடுக்கலாம். அந்தப் பத்து மீற்றர் கண்ணாடிக்குள் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்குகூட இழக்காது. அதே பத்து மீற்றரை அலை காற்றிலும் இரண்டு சீமெந்துச் சுவரிலும் கடந்தால் நூறில் ஒன்றும் மிஞ்சாது. வயரை மூலைகளில் முறிக்காமல் அகல வளைத்துக் கொண்டுபோகச் சொல்லவும் வேண்டும். கூராக மடிந்த இடத்தில் ஒளி நாரை விட்டு வெளியே கசியும்.